எர்னி கோவாக்ஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்ககால நகைச்சுவைக் கலைஞர் எர்னி கோவாக்ஸின் சில துண்டுக்காட்சிகளை இணையத்தில் பார்த்து இரவெல்லாம் சிரித்தேன். அதே காலத்து நகைச்சுவை நடிகை லூசில் பாலை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. இவரை ஏன் மறந்தார்கள்? காலத்தை முந்திய கலைஞர் என்பதாலா? சூதாட்டத்தில் பணத்தை இழந்து, பெரும் வரிபாக்கியோடு இறந்தார் என்றும் படித்தேன். இந்தப் பழைய நகைச்சுவையை இன்று பார்ப்பதால் என்ன பயன்?

கே.

அன்புள்ள கே.,

சில வாரங்களாக நானும் கோவாக்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

சூதாட்டம், வரிபாக்கி இரண்டையும் விடுங்கள். ஒரு கலைஞனின் பெயரைக் கேட்டதுமே அவன் கடன் கணக்கைப் புரட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. உங்களுக்கு வேண்டாம். என்ன பயன் என்ற கேள்வியும் வேண்டாம். இரவெல்லாம் சிரித்தவர் கேட்கிற கேள்வியா அது?

ஆனால் ‘காலத்தை முந்திய கலைஞர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. அவர் தன் காலத்தில் முழுமையாக வாழ்ந்த மனிதர். 1919இல் டிரென்டன் நகரில் ஹங்கேரியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். வானொலியில் பேசினார், உள்ளூர்ப் பத்திரிகையில் பத்தி எழுதினார். 1950இல் பிலடெல்பியாவின் ஒரு நிலையத்தில் சமையல் நிகழ்ச்சி நடத்த வந்தார். அதே ஆண்டில் காலை நிகழ்ச்சி ஒன்றையும் கொடுத்தார்கள். காலையில் எழுந்து யார் தொலைக்காட்சி பார்க்கப்போகிறார்கள் என்று எல்லோரும் நினைத்த காலம். பணமும் இல்லை, தடுப்பாரும் இல்லை. நினைத்ததையெல்லாம் செய்து பார்த்தார். 1952இல் நாடு முழுவதும் ஒளிபரப்பிய என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் தன் சொந்தக் காலை நிகழ்ச்சியைக் கொண்டுவந்ததும் அந்த இடம் போய்விட்டது. தொலைக்காட்சிக்கு இலக்கணம் எழுதப்படாத அந்தச் சில ஆண்டுகள் இல்லையென்றால் கோவாக்ஸ் இல்லை. முன்னாலோ பின்னாலோ பிறந்திருந்தால் அவரை யார் உள்ளே விட்டிருப்பார்கள்?

1957 ஜனவரி 19ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸுக்கு என்.பி.சி. 90 நிமிடம் ஒதுக்கியது. அவர் 60 போதும் என்றார். மிஞ்சிய அரைமணி நேரம் கோவாக்ஸுக்கு வந்தது. அதில் ஒரு வசனம்கூடப் பேசாமல் நடித்தார். அவர் ஏற்ற யூஜீன் என்ற அப்பாவி மேசை முன் அமர்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறான். எடுத்து வைக்கும் ஆலிவ் காய் மறுமுனைக்கு உருண்டோடுகிறது. குடுவையிலிருந்து பாலை ஊற்றுகிறான். அது நேராக இறங்காமல் கோப்பைக்கு வெளியே சாய்வாகப் போய் விழுகிறது. மேசை சமமாகத்தானே இருக்கிறது என்று நம் கண் சொல்கிறது. உண்மையில் அரங்கமே சாய்வு. கேமராவையும் அதே அளவுக்குச் சாய்த்து வைத்துவிட்டார். நாடகக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சாய்வு தெரிந்துவிடும், சிரிக்க மாட்டான். கேமராவின் கண் வழியாகப் பார்ப்பவனுக்கு மட்டுமே உரிய சிரிப்பு அது.

பிறகு ஏன் மறந்தார்கள் என்கிறீர்கள். லூசில் பாலின் தொடர் 1951 முதலே திரைப்படச் சுருளில் எடுக்கப்பட்டது. அதன் உரிமையும் அவருடைய நிறுவனத்திடமே இருந்தது. ஆகவே திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. கோவாக்ஸ் 1962 ஜனவரி 13ஆம் தேதி, 43 வயது நிறையச் சில நாட்கள் இருக்கையில், கார் விபத்தில் இறந்தார். வீடியோ நாடா விலை அதிகம் என்பதால் பழையதை அழித்துவிட்டு அதிலேயே புதியதைப் பதிவது அப்போதைய வழக்கம். அவருடைய நாடாக்களையும் அப்படி அழித்துக்கொண்டிருந்தார்கள். அதை அறிந்த அவர் மனைவி ஈடி ஆடம்ஸ், காப்பீட்டுப் பணத்தையும் தன் சம்பாத்தியத்தையும் போட்டு எஞ்சியவற்றை வாங்கினார். கணவரின் வரிபாக்கி தலைமேல் இருந்த நேரம் அது. நண்பர்கள் நிதி திரட்ட நிகழ்ச்சி நடத்துகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று மறுத்து, பாடியும் நடித்தும் சுருட்டு விளம்பரத்தில் தோன்றியும் கடனை அடைத்தார்.

கோவாக்ஸ் வேலைசெய்த இன்னொரு தொலைக்காட்சி நிறுவனம் டூமாண்ட். அதன் பழைய பதிவுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டுபோய் நியூயார்க் விரிகுடாவில் கொட்டிவிட்டார்கள் என்று 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் விசாரணையில் ஈடி சாட்சி சொன்னார். இப்போது சொல்லுங்கள், காலத்தை முந்தியதாலா மறந்தார்கள்? அந்தப் புகழ்ச்சியைச் சொல்லிவிட்டால் அழித்தவர்களையும் கொட்டியவர்களையும் யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ரசிகர்களுக்குப் புரியவில்லை என்று பழியை அவர்கள்மேல் போட்டுவிடலாம். புரிந்தது ஐயா. உங்களுக்கே ஒரு இரவில் புரியவில்லையா?

உங்கள் ரசனையைப் பற்றி எனக்கு ஐயமில்லை. இந்த வயதில் அதைத் தேடிப் பார்த்து எழுதியதே மகிழ்ச்சி. ஆனால் துண்டுக்காட்சிகளோடு நிற்காதீர்கள். அந்த அரைமணி நேரத்தை ஒரே அமர்வில் பாருங்கள். அடுத்த கடிதத்தில் ஈடி ஆடம்ஸைப் பற்றி எழுதுங்கள். நீங்கள் எழுதிய கடிதத்தில் அவர் பெயரே இல்லை.