இன்கிரிமென்ட் வந்தும் சம்பளம் குறைந்துதான் போயிருக்கிறது

வணக்கம் நண்பரே. உங்கள் மாதச் சம்பளம் 2020 டிசம்பரில் 20,000 ரூபாய், 2024 டிசம்பரில் 23,000. "வருடா வருடம் கூட்டித் தருகிறோமே" என்று முதலாளி சொல்வதால் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூச்சப்படவே வேண்டாம்.

ஒன்றிய அரசின் தொழிலாளர் பணியகம் மாதாமாதம் தொழிலாளர்களுக்கான விலைக் குறியீடு வெளியிடுகிறது, அதாவது விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண். அரசு ஊழியர்களின் அகவிலைப்படியை ஜனவரியிலும் ஜூலையிலும் இதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 2020 டிசம்பரில் அது 118.8, 2024 டிசம்பரில் 143.7. ஏறக்குறைய 21 சதவீத ஏற்றம். உங்களுக்குக் கிடைத்தது 15. பழைய 20,000 வாங்கித் தந்த அதே அரிசி பருப்பை வாங்கவே 2024 டிசம்பரில் 24,200 வேண்டியிருந்தது. அதாவது நான்கு வருட அனுபவத்துக்குப் பிறகு, மாதம் 1,200 ரூபாய் குறைவாக வாங்குகிறீர்கள். இது நாடு முழுவதற்குமான சராசரிதான். கோவையில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கட்டுகிறவருக்கு அடி இன்னும் பலமாகவே விழக்கூடும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஏப்ரலில் அல்ல, ஜனவரியிலேயே. கம்பெனியின் பட்ஜெட் முடிந்த பிறகு கேட்டால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்பார்கள். எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது, இன்னும் வலிக்கிறது. முதலில் 24,200-ஐக் கேளுங்கள், அது பழைய சம்பளமேதான். உயர்வு என்பது அதற்கு மேல் தருவது. அப்புறம், வெளியே ஓரிரண்டு இடங்களில் விசாரித்து வையுங்கள். கையில் இன்னொரு வேலை இருந்தால் குரல் தானாக நிமிரும்.