மழைக்கு வண்டியை நிறுத்துவது அவிசுவாசமா?

கேள்வி: ஐயா, நாங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது சுங்கை சிப்புட் டவுனில் குடியிருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு மெந்தகாப்பில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம். போன வருடம் கராக் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் காரே தெரியாத அளவுக்கு மழை. எங்காவது நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். என் கணவர், "கிளம்பும்போது 91-ஆம் சங்கீதம் வாசித்தோமே, அற்பவிசுவாசி!" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட்டார். இந்த வருடமும் 24-ஆம் தேதிதான் கிளம்புவோம் என்கிறார். நான் பயப்படுவது பாவமா? மழை நிற்க ஜெபிக்கலாமா? சின்ன மகனுக்கு வேறு இடி என்றால் நடுக்கம். அவனுக்கு என்ன சொல்வது?
- ஒரு சகோதரி, சுங்கை சிப்புட்

பதில்: பாவமே இல்லை, சகோதரி. கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாதபோது நிறுத்தச் சொன்னீர்கள். அதில் மன்னிப்புக் கேட்க ஒன்றும் கிடையாது.

அந்த 91-ஆம் சங்கீதத்துக்கே வருவோம். "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி, உனக்காகத் தம்முடைய தூதர்களுக்குக் கட்டளையிடுவார்." பயணம் கிளம்பும் நம் வீடுகளில் கேட்காத வசனமா! ஆனால் இதையே இயேசுவிடம் எடுத்துச் சொன்னது யார் என்று மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றவன் பிசாசு. இயேசு வசனத்தை மறுக்கவில்லை, குதிக்கவும் இல்லை. கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்று எழுதியிருக்கிறதே என்றார். சங்கீதம் வாசித்துவிட்டு அடைமழையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் மிதிப்பது இதில் எந்தப் பக்கம் சேரும் என்பதை உங்கள் கணவரே சொல்லட்டும்.

புயலில் சீஷர்களை "அற்பவிசுவாசிகளே" என்ற இயேசு, அடுத்து எழுந்து காற்றையும் கடலையும் அதட்டி அடக்கினார். அதைச் செய்ய முடிந்தவர் அந்த வார்த்தையைச் சொல்லலாம். வைப்பரை வேகமாக வைக்க மட்டும் தெரிந்தவர்கள் சொல்லாமல் இருப்பது நல்லது.

பவுலின் கதை இன்னும் நெருக்கமானது. அப்போஸ்தலர் 27-ஐ வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து வாசியுங்கள். கைதியாக ரோமுக்குப் போகிறார். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் யூதரின் உபவாச நாள் கழிந்துவிட்டது, இனிக் கடல் மோசம். கிரேத்தா தீவில் நல்ல துறைமுகம் என்ற இடத்தில் கப்பல் நிற்கிறது. இப்போது கிளம்பினால் சரக்குக்கும் கப்பலுக்கும் உயிருக்கும் சேதம் என்று பவுல் எச்சரிக்கிறார். கைதிகளைக் கொண்டுபோன ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதி அதைவிட மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். மழைகாலத்தில் தங்க அந்தத் துறைமுகம் வசதியாக இல்லையாம். தென்றல் மெதுவாக அடித்ததும் கிளம்பிவிட்டார்கள். அப்புறம் யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று, 14 நாள் அலைச்சல், கடைசியில் கப்பல் உடைந்தது. 276 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். ("என் சொல்லைக் கேட்டிருக்கலாம்" என்று நடுவில் பவுலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். நமக்கு மட்டும்தான் வாய் அடங்காது என்று நினைக்க வேண்டாம்.)

நீ ரோமப் பேரரசனான இராயனுக்கு முன்பாக நிற்பாய் என்று ஒரு தூதன் கப்பலிலேயே பவுலுக்குச் சொல்லியிருந்தான். ரோமுக்குப் போய்ச் சேருவது நிச்சயம். அப்படியிருந்தும் மெலித்தா தீவில் 3 மாதம் காத்திருந்து, மழைகாலம் கழிந்த பிறகுதான் அடுத்த கப்பல் ஏறினார்கள். வாக்குத்தத்தம் கையில் இருந்தவரே 3 மாதம் நின்றார். நீங்கள் கேட்டது அரைமணி நேரம்.

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது புதிதும் இல்லை. மழை பெய்த விடியற்காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனால், மேற்பார்வை பார்க்கும் தண்டல் ரப்பர் மரத்துப் பட்டையைத் தொட்டுப் பார்ப்பார். ஈரம் என்றால் வெட்டு இல்லை. மீறி வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் வழியும், பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணீர்தான் நிற்கும். அன்றைய சம்பளம் போனதே என்று வயிறு எரியும். ஆனால் தண்டலை அவிசுவாசி என்று யார் சொன்னார்கள்?

இதையெல்லாம் ஓடும் காரில் கணவரிடம் பேசாதீர்கள். முந்தின நாள், பசியாறும்போது பேசுங்கள். முன்னால் போகும் காரின் பின்விளக்கு தெரியவில்லை என்றால் அடுத்த ஆர் அண்ட் ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடத்தில்) நுழைவது என்று இரண்டு பேரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். அப்போது மழைக்குள் சண்டை வராது. பிள்ளைகள் முன்னால் சொன்ன வார்த்தை தனி விஷயம். அதை அவர் பிள்ளைகள் முன்னாலேயே சரிசெய்ய வேண்டும். இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வைத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

அவசரப் பாதையில் ஒதுங்கி நிற்காதீர்கள், பின்னால் வரும் லோரிக்கு உங்களைத் தெரியாது. இரட்டை சிக்னல் போட்டுக்கொண்டே ஓட்டும் நம் நாட்டுப் பழக்கமும் வேண்டாம், நீங்கள் பாதை மாறுவது பின்னால் வருபவருக்குப் புரியாமல் போகும். ஆர் அண்ட் ஆர் கூட்டமாக, அசுத்தமாக இருக்கிறது என்று பாதி மழையில் கிளம்பாதீர்கள். நல்ல துறைமுகமும் வசதியில்லாத இடம்தானே! தாப்பாவ் செய்த மீகோரேங்கைப் பிரித்துச் சாப்பிடுங்கள். பவுலும் அந்தப் புயலில் எல்லோரையும் சாப்பிடத்தான் சொன்னார். நனைந்து வந்து ஒதுங்கும் மோட்டார்க்காரருக்கும் ஒரு துண்டோ சூடான தேநீரோ கொடுங்கள். மெலித்தா தீவார் முன்பின் தெரியாத கப்பல்காரர்களுக்கு மழையில் நெருப்பு மூட்டிக் கொடுத்தார்களே.

உங்கள் பாதைக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. 2021 டிசம்பர் வெள்ளத்தின்போது கராக் நெடுஞ்சாலையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. தெமர்லோ, மெந்தகாப் பக்கம் வெயில் அடித்தாலும் நம்பிவிடாதீர்கள். மேலே பெய்த மழை பகாங் ஆற்றில் இறங்கி வர நாளாகும், வானம் வெளுத்த பிறகும் தண்ணீர் ஏறும். கிளம்புமுன் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் (வெள்ளத் தகவல்) இணையப் பக்கத்தில் ஆற்று மட்டத்தைப் பாருங்கள். 'அமாரான்' (எச்சரிக்கை), 'பஹாயா' (அபாயம்) என்றிருந்தால் வீட்டிலேயே இருங்கள். சாலையில் தண்ணீர் ஓடினால், அது எவ்வளவு ஆழம் என்று காரை விட்டுப் பார்க்க வேண்டாம்.

24-ஆம் தேதிதான் என்பது எந்தச் சட்டம்? மழைகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதினார். எஸ்றா 10-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் மழையில் நடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். மாரிகாலம், வெளியே நிற்க முடியாது என்றார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை, வேறு நாள் குறித்தார்கள். அம்மாவிடம் இப்போதே போன் செய்து, "கர்த்தருக்குச் சித்தமானால் 24, இல்லையென்றால் மழை விட்ட பிறகு" என்று சொல்லிவையுங்கள். முறுக்கு அதற்குள் கெட்டுப்போகாது.

மழை நிற்க ஜெபிக்கலாமா? தாராளமாக. உங்கள் ஓட்டம் மாரிகாலத்தில் நேரிடாதபடி வேண்டிக்கொள்ளுங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். மழை நிற்காவிட்டால் ஜெபம் தோற்றுவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். நெல்லுக்கும் செம்பனைக்கும் மழை வேண்டும் என்று இன்னொரு வீட்டிலும் ஜெபித்திருப்பார்கள்.

மகனிடம் "பயப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. மின்னலைக் கண்டதும் எண்ணச் சொல்லுங்கள். இடி கேட்கும்வரை ஒவ்வொரு 3 நொடிக்கும் சுமார் 1 கிலோமீட்டர் தூரம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் இருந்தால் வெளியே நிற்பதைவிட எவ்வளவோ பாதுகாப்பு என்பதையும் சொல்லுங்கள். அவன் எண்ணி முடித்ததும் 29-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். முழுக்க முழுக்க இடி முழக்கம்தான், பையனுக்குப் பிடிக்கும்.