பல வருடம் நின்ற கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? பெட்ரோல் கோளாறு பற்றிய கேள்வி பதில்

கோவையில் பழைய கார்களுக்கு இன்ஜின் வேலை பார்த்து வருகிறேன். வருடக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியை மறுபடி ஓட்ட நினைக்கிற நம் கொங்கு வட்டாரத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காங்கேயம்: அண்ணா, எங்க அப்பாரு ஓட்டின 1994 மாருதி 800 தோட்டத்துச் சாளையில் நாலு வருசமாக நிற்கிறது. புது பேட்டரி போட்டாச்சு. செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேங்குது. பெட்ரோல் பம்ப் போயிருச்சு, மாத்திடலாம் என்கிறார்கள். மாத்தட்டுங்களா?

வேண்டாம் தம்பி. எதையும் பார்க்காமல் பம்பின் மேல் பழி போடக் கூடாது. முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். டேங்கின் அடியில் நாலு வருடமாகப் படிந்த துருவையும் கசடையும் ஒவ்வொரு தடவையும் நீங்களே மேலே இழுத்துவிடுகிறீர்கள்.

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல பெட்ரோலின் காரமான வாசனை போய் வார்னிஷ் நெடி அடித்தால் அந்தப் பெட்ரோல் இனி உதவாது. குளிர்ந்த இன்ஜினைப் பிடிக்க வைப்பது பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகிற பகுதிதான். நிறுத்தி வைத்தால் முதலில் பறந்து போவதும் அதுதான். மிச்சம் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகிவிடும். அதனால் டேங்கை முழுவதும் வடித்துவிடுங்கள். வடித்ததைக் கிணற்று மேட்டிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள், தண்ணீர் கெட்டுப்போகும்.

அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அத்தனை தடவை செல்ஃப் அடித்தும் பிளக் காய்ந்தே இருந்தால் சிலிண்டருக்குப் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் வருகிறது, அப்போது கோளாறு பிளக்கின் தீப்பொறியில் இருக்கும், இல்லாவிட்டால் பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடுகிற கார்புரேட்டர் அளவுக்கு மேல் ஊற்றுகிறது. பிளக் கழற்றிய கையோடு ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இந்த இன்ஜினில் வால்வுகளை இயக்குகிற கேம்ஷாஃப்ட்டைச் சுற்றிவிடும் டைமிங் பெல்ட் உண்டு. ஓடாமல் நின்றாலும் பெல்ட்டுக்கு வயதாகும். வெடிப்பு தெரிந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

பொறி நன்றாக வருகிறது, பிளக் மட்டும் காய்ந்திருக்கிறது என்றால், ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை ஒன்றிரண்டு நொடி அடியுங்கள். மூடியைத் திரும்பப் போட்டபின் செல்ஃப் கொடுங்கள். பிடித்து உடனே அணைந்தால் நல்ல செய்தி. இன்ஜின் உயிரோடு இருக்கிறது, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. இனி கார்புரேட்டரில் ஆரம்பித்து டேங்கை நோக்கிப் பின்னால் போக வேண்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது கேம்ஷாஃப்ட் தள்ளி ஓடுகிற மெக்கானிக்கல் பம்ப். வடித்த டேங்கில் ஐந்து லிட்டர் புதுப் பெட்ரோல் விடுங்கள். காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். விட்டு விட்டுப் பீச்சினால் பம்பும் லைனும் சரி, கார்புரேட்டரைப் பிரிக்கலாம். வரவே இல்லை என்றால்கூடப் பம்பை உடனே மாற்றாதீர்கள். கீழே கோபிக்காரர் கேட்டதைப் படியுங்கள்.

கோபிசெட்டிபாளையம்: பாட்டிலில் ஒரு சொட்டுகூட வரவில்லை. புது பம்ப் வாங்கிப் போட்டேன், அப்பவும் வரலைங்க. எங்குமே ஒழுகலும் இல்லை.

ஒழுகாததுதான் ஆளை ஏமாற்றும். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பக்கத்து ஹோஸில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஓட்டை ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிற கதைதான். பம்புக்கு வருகிற ஹோஸைக் கழற்றுங்கள். புது ஹோஸ் துண்டு ஒன்றைப் பம்பில் மாட்டி, மறுமுனையைப் பெட்ரோல் இருக்கிற பாட்டிலில் முக்கிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். இப்போது பம்ப் இழுத்தால் குறை பின்னால் இருக்கிறது: வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், துருப்பிடித்த பைப், இல்லையென்றால் டேங்குக்குள் அடைத்துக்கொண்ட சல்லடை. ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுவதுதான் என் வழக்கம். விலை அதிகமில்லை, தேடுகிற நேரம் மிச்சம்.

கழற்றிய பழைய பம்பைத் தூக்கிப் போடும் முன்பு டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்து, அளவும் கூடியிருந்தால் பம்புக்குள் இருக்கிற சவ்வு, அதாவது டயஃபிரம், கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டவே கூடாது. ஆயில் நீர்த்துப் போய் பேரிங் தேயும்.

பொள்ளாச்சி: 800-இல் டேங்கை வடித்தபோது அடியில் தனியாக ஒரு நீர்மம் தங்கியிருந்ததுங்க. மூடியைப் பூட்டித்தான் வைத்திருந்தேன். தண்ணீர் எப்படிப் போனது?

காற்றில் இருந்து வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று உங்கள் பக்கத்தில்தான் முதலில் இறங்குகிறது. பாதி காலியான டேங்க் பகலில் சுட்டு இரவில் குளிரும்போது உள்ளே இருக்கிற ஈரம் தகட்டில் வியர்த்து அடியில் சேரும். இதோடு எத்தனாலும் சேர்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே 10 சதவீதக் கலப்பு இருந்தது. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓர் அளவு தாண்டினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். இன்ஜினுக்குப் பெட்ரோல் உறிஞ்சுகிற குழாயும் அடியில்தானே இருக்கிறது? அதனால் மேலே எவ்வளவு புதுப் பெட்ரோல் ஊற்றினாலும் முதலில் போவது அந்தத் தண்ணீர்தான். டேங்கை இறக்கிக் கழுவிக் காயவையுங்கள். பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸும் டயஃபிரமும் எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை அல்ல, ஊறி மெத்தென்றாகிவிடும். அதையும் பார்த்துவிடுங்கள்.

ஈரோடு: பிரீமியர் பத்மினி. நீங்கள் சொன்ன பாட்டில் சோதனையில் பெட்ரோல் பீச்சுகிறது. ஆனாலும் வண்டி பிடிக்கவில்லை.

அப்படியானால் கார்புரேட்டர் வாசலில் நிற்கிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தங்குகிற ஃப்ளோட் அறைக்குப் பெட்ரோல் விடுகிற நீடில் வால்வு பழைய பிசினில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் கார்புரேட்டரின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். சில சமயம் விட்டுக்கொடுத்துவிடும். அதற்காக வேலை முடிந்தது என்று மூடிவிடாதீர்கள், பிசின் உள்ளே அப்படியேதான் இருக்கிறது. மேல் மூடியைக் கழற்றி ஃப்ளோட் அறையைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் ஈரம் உலோகத்தை அரித்திருக்கிறது.

பெட்ரோலை அளந்து விடுகிற சிறு துளைத் திருகுகளான ஜெட்டுகளைக் கழற்றி கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். தயவுசெய்து கம்பியோ ஊசியோ விடாதீர்கள். ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். கம்பி கீறிவிட்டால் அந்த அளவு போச்சு, பிறகு வண்டி காலத்துக்கும் பெட்ரோல் குடிக்கும்.

தாராபுரம்: கார்புரேட்டரில் நேராகப் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்வதைப் பார்த்திருக்கிறேன். செய்யலாமா?

கூடாது. பேக் ஃபயர் அடித்து, அதாவது நெருப்பு கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடித்தால், கையில் இருக்கிற பாட்டிலே பற்றிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளி மணலோ தீயணைப்பானோ இல்லாமல் பெட்ரோல் வேலையைத் தொடவே வேண்டாம்.

திருப்பூர்: அண்ணா, எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய 2004 ஜென் ரெண்டு வருசமாக நிற்கிறது. இதற்கு கார்புரேட்டர் இல்லை என்கிறார்கள். நானே என்ன பார்க்கலாம்?

தாராளமாகப் பார்க்கலாம் அம்மணி, காது இருந்தால் போதும். பின் சீட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு, வேறொருவரைச் சாவியை ஆன் வரைக்கும் திருப்பச் சொல்லுங்கள். டேங்குக்குள் இருக்கிற மின்சார பம்ப் இரண்டு மூன்று நொடி முனகிவிட்டு நிற்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், அடுத்து ரிலே, அடுத்து பம்பின் கனெக்டர். நம் ஊரில் நின்ற வண்டிக்குள் எலி குடியேறாமல் இருக்காது, ஒயரை ஒருமுறை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் பக்கமே போக வேண்டாம். திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. முனகல் கேட்டும் பிடிக்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த லைனில் அழுத்தம் அதிகம், ஹோஸை நீங்களாகக் கழற்ற வேண்டாம்.

நாமக்கல்: டீசல் அம்பாசிடர் வைத்திருக்கிறேன். இதே முறைதானா?

இல்லைங்க. டீசலில் முதல் சந்தேகம் ஏர் லாக், அதாவது டீசல் லைனில் காற்று புகுந்து அடைத்துக்கொள்வது. ஃபில்டரின் அடியில் சேர்ந்த தண்ணீரை வடித்து, ஃபில்டரை மாற்றி, மேலே இருக்கிற ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கை பம்பை அடியுங்கள். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். ஹீட்டர் பிளக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரூர்: டேங்கில் பொத்தல். பெட்ரோலை வடித்துவிட்டு வெல்டிங் வைத்துக்கொள்ளலாமா?

வைக்காதீர்கள். காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே நிற்கிற ஆவி நெருப்புப் பட்டால் வெடிக்கும், உயிர் போகும். உக்கடத்தில் பழைய உதிரி பாகக் கடைகளில் தேடினால் நல்ல டேங்க் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. வாங்கும்போது உள்ளே டார்ச் அடித்துத் துரு பார்த்து வாங்குங்கள்.

கோவை: எல்லாம் செய்து வண்டி பிடித்துவிட்டது. ஆனால் அரை மணி நேரம் ஓடியதும் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகப் பிடிக்கிறது.

நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராமல் டேங்க் பம்போடு மல்லுக்கட்டுகிறது. துளையைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. சத்தம் இல்லாவிட்டால் பம்புக்கு முன்னால் இருக்கிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஃபில்டரைப் பாருங்கள், டேங்கில் மிச்சமிருந்த துரு வந்து படிந்திருக்கும். புதிதாக எழுப்பிய வண்டிக்கு முதல் ஃபில்டர் சீக்கிரமே நிறைந்துவிடும், டிக்கியில் இன்னொன்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.