டர்போ டீசல் கேள்வி பதில்: எல்லாம் அந்த மூணு லிட்டர் ஆயில்லதான் இருக்கு

இந்தத் தடவை வந்த கேள்வியில முக்காவாசி 1.3 லிட்டர் டர்போ டீசல் பத்திதான், டர்போன்னா இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளுற சாதனம். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புன்டோன்னு பேரு வேற வேறயா இருந்தாலும் பானட்டத் தொறந்தா உள்ள இருக்குறது ஒரே குடும்பத்து இன்ஜின், ஃபியட் 2003ல கொண்டு வந்த மல்டிஜெட். மாருதி 2020 ஏப்ரலோட டீசலையே நிறுத்தியாச்சு, ஆனா வாங்குனவங்க யாரும் நிறுத்தல, அதனால ஒரே மூச்சா பதில் சொல்லிருதேன்.

குலசேகரத்துல ரப்பர் ஷீட் வியாபாரம். 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல். பேச்சிப்பாறை பக்கம் ஏத்தத்துல மூணாவது கியர்ல வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஒர்க்‌ஷாப்ல டர்போ போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க. நெசமாவே போயிருக்குமா?

வெப்ராளப்படாதீங்க அண்ணாச்சி, மொதல்ல ஒரு விஷயம் சொல்லுங்க, அந்த ஏத்தத்துல ஆர்பிஎம் முள்ளு, அதான் இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்துதுன்னு காட்டுற முள்ளு, எங்க நிக்குது? உங்க இன்ஜின் 1248 சிசி, 75 குதிரை சக்தி, அதுவும் 4000 ஆர்பிஎம்ல. இழுவை 190 நியூட்டன் மீட்டர், அது முழுசா கிடைக்கது 2000ல. 1500க்கு கீழ டர்போ சுத்தும், ஆனா காத்த அழுத்தித் தள்ளுற அளவுக்கு சுத்தாது, அப்ப உங்க கையில இருக்கது டர்போவே இல்லாத ஒரு சின்ன டீசல் இன்ஜின்தான், அதுல ஷீட்டும் ஒட்டுப்பாலும் டிக்கி நெறய ஏத்திட்டு மூணாவது கியர்ல ஏறச் சொன்னா பாவம் அது என்ன செய்யும். ரெண்டாவதுக்கு வாங்க, 2000க்கு மேல புடிங்க, அப்பவும் இழுக்கலைன்னா மட்டும் அடுத்தத பாக்கலாம். இறக்குன கியர்ல போனா டீசல் தின்னும்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு, ஆனா கொறஞ்ச ஆர்பிஎம்ல ஆக்ஸிலேட்டர அமுக்கிப் புடிச்சு ஓட்டுறதுலதான் கரி சேந்து, புகைய திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற ஈஜிஆர் வால்வு அடையுது, கிளட்சும் அடிவாங்குது.

நேத்து வரைக்கும் நல்லா இழுத்த வண்டி திடீர்னு படுத்துட்டு, கூடவே உஸ்ஸுன்னு சத்தம், பின்னால கறுப்புப் புகைன்னா டர்போவுக்கும், அது தள்ளுற சூடான காத்த ஆத்துற இன்டர்கூலருக்கும் நடுவுல போற ரப்பர் ஹோஸ பாருங்க. வெடிச்சிருக்கும், இல்ல கிளாம்ப் லூஸா இருக்கும். டர்போ விலையில சின்ன பங்குகூட வராது. ஹோஸ் உள்ள லேசா ஆயில் ஈரம் இருக்கத காட்டி டர்போ லீக்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க, இன்ஜின் உள்ள சேர்ற ஆவிய வெளிய விடுற பிரீதர் குழாய்ல இருந்து வர்றது அது, எல்லா டீசல்லயும் கொஞ்சம் இருக்கும். ஹோஸ கழத்துனா ஆயில் ஒழுகணும், டர்போவோட தண்ட புடிச்சு ஆட்டுனா இறக்கை சுவத்துல உரசணும், அப்பத்தான் டர்போ போச்சுன்னு அர்த்தம். கழத்தி உங்க கண்ணு முன்னால ஆட்டிக் காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா வேற ஒர்க்‌ஷாப் பாருங்க.

நாகர்கோவில் வடசேரி. ரிட்டயர்ட் டீச்சர். காலையில ஸ்டார்ட் பண்ணுன உடனே இன்ஜின் ஓரத்துல கடகடன்னு சங்கிலி உரசுற சத்தம், ரெண்டு மூணு செகண்ட்ல நின்னுருது. பக்கத்து மெக்கானிக் தம்பி கட்டி ஆயில் ஊத்தினா சரியாயிரும்ங்கான். ஊத்தலாமா?

வேண்டாம் டீச்சர். இந்த இன்ஜின்ல பெல்ட் கிடையாது, டைமிங் செயின். கம்பெனிக்காரங்க செயின்னா இன்ஜின் இருக்க வரைக்கும் மாத்த வேண்டாம்னு சொல்லி வித்தாங்க, அது உண்மைதான், ஆயில் ஒழுங்கா மாத்தினா. அந்த செயின இறுக்கிப் புடிக்கிற டென்ஷனருக்கு பலமே ஆயில் பிரஷர்தான். ராத்திரி முழுக்க ஆயில் கீழ எறங்கிருது, காலையில பிரஷர் ஏறி வர்ற வரைக்கும் செயின் லூஸா ஆடும், அந்தச் சத்தம்தான் நீங்க கேக்கது. புது வண்டியில இது கேக்காது, ஏன்னா செயின் நீளல. கரி புடிச்ச ஆயில்ல வருஷக்கணக்கா ஓடுனா செயினோட ஒவ்வொரு கண்ணியும் தேஞ்சு மொத்தமா நீண்டுரும், செயின் உரசிட்டுப் போற கைடும் தேயும்.

இப்ப கட்டி ஆயில் ஊத்தினா சத்தம் கொறைய வாய்ப்பு இருக்கு, அதுதான் ஆபத்தே, நோவு அப்படியே இருக்க சத்தம் மட்டும் அடங்கும். அதோட கட்டி ஆயில் காலையில டர்போ பேரிங்குக்கு போய்ச் சேர நேரமாகும், அந்த டர்போ நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம், ரெண்டு லட்சம் சுத்து சுத்துற சாதனம், தண்டு ஆயில் படலத்துலதான் மெதக்குது, ஆயில் வராத நேரம் இரும்பு இரும்போட உரசும். செயினக் காப்பாத்தப் போய் டர்போவ விட்ட கதை ஆயிரும்.

செயின் ரொம்ப நீண்டு ஒரு பல்லு தாண்டிட்டுன்னா பிஸ்டன் போய் வால்வுல இடிக்கும், வால்வ அமுக்குற ராக்கர் ஆர்ம் ஒடையும், இன்ஜினோட மேல்மூடி, அதான் ஹெட்ட கழத்த வேண்டி வரும், அதனால தள்ளிப்போடாதீங்க. மாத்துறப்ப செயின் மட்டும் வாங்காதீங்க, டென்ஷனர், கைடு, பல்சக்கரம் எல்லாம் சேந்த செட்டா போடுங்க. வேலை செய்யிறவங்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, டைமிங் லாக் பண்ணுற டூல் இருக்கான்னு. பெயிண்ட் மார்க் வெச்சு குத்துமதிப்பா செய்யிறேன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. வேலை முடிஞ்சதும் மேனுவல்ல போட்ட கிரேடு ஆயில் ஊத்துங்க, மொத்தமே மூணு லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும், அதுல அரை லிட்டர் கொறஞ்சாலே இந்த இன்ஜினுக்கு பெரிய விஷயம். மேனுவல் 10,000 கிலோமீட்டர், இல்லைன்னா ஒரு வருஷம்ங்கும், இதுல ஒரு வருஷம்ங்கத யாரும் படிக்கதே இல்ல. டீச்சர் மாதிரி கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் எடுக்குறவங்களுக்கு கிலோமீட்டர் ஓடவே ஓடாது, ஆயில் மட்டும் பழசாயிட்டே இருக்கும், நீங்க கேலண்டரப் பாத்து மாத்துங்க.

தக்கலையில நர்ஸா இருக்கேன். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாலு கிலோமீட்டர், அதுக்கு மட்டும்தான் வண்டி. கறுப்புப் புகை தள்ளுது, சிக்னல்ல நின்னா இன்ஜின் ஏறி எறங்குது, டேஷ்போர்டுல மஞ்ச இன்ஜின் லைட்டும் எரியுது. ஈஜிஆர்ர அடைச்சிரலாம்னு சொல்லுறாங்க.

சிஸ்டர், மஞ்ச லைட் எரிஞ்சா அடைக்கதுக்கு முன்னால ஸ்கேனர் போட்டு எரர் கோடு என்னன்னு பாக்கச் சொல்லுங்க. இதே அறிகுறி ஏர் ஃபில்டர் அடைஞ்சாலும் வரும், காத்த அளக்குற சென்சார் அழுக்கானாலும் வரும், அந்த சென்சார அதுக்குன்னு விக்கிற ஸ்பிரேயால கழுவுனாலே சில வண்டி சரியாயிரும், பிரஷ் போட்டுத் தேய்ச்சா சென்சாரே போயிரும்.

ஈஜிஆர்தான்னு கோடு சொன்னா கழத்தி சுத்தம் பண்ணலாம். அதோட வேலை, எரிஞ்ச புகையில கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்குள்ளயே விட்டு சூட்ட கொறைக்கது, அதனால நைட்ரஜன் ஆக்ஸைடுங்கற நச்சு வாயு கொறையும். அந்தப் புகையில கரி இருக்கு, பிரீதர்ல வர்ற ஆயில் ஆவியும் சேந்து தாரு மாதிரி ஒட்டிக்கிடும். வால்வு தொறந்தபடியே மாட்டிக்கிட்டா நல்ல காத்து போற எடத்துல எல்லாம் புகை, அதான் உங்க வண்டி கறுப்பா தள்ளுது. தகடு வெச்சு அடைக்கது சட்டப்படியும் தப்பு, அடைச்சா பின்னால வர்றவன்தான் அந்த நைட்ரஜன் ஆக்ஸைட சுவாசிக்கணும், ஆஸ்பத்திரியில வேலை பாக்கவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஆனா சுத்தம் பண்ணிட்டு திரும்பவும் அதே நாலு கிலோமீட்டர்னா திரும்பவும் அடையும். இன்ஜின் சூடாகுறதுக்குள்ள ஆஸ்பத்திரி வந்துருது, அதான் மூலகாரணம். லீவு அன்னைக்கு ஆரல்வாய்மொழி வழியா காவல்கிணறு வரைக்கும் ஒரு ஓட்டம், நாலாவது கியர்ல 2500 பக்கம் புடிச்சு அரை மணி நேரம் போயிட்டு வாங்க, அங்க இருக்க காத்தாலையும் பாத்தாப்ல இருக்கும். கேக்கதுக்கு சங்கடமா இருந்தாலும் சொல்லிருதேன், அடுத்த வண்டி எடுக்கும்போது இந்த ஓட்டத்துக்கு டீசல் வேண்டவே வேண்டாம், பெட்ரோலே போதும். பிஎஸ்6ங்கற புகை விதிப்படி வர்ற டீசல் வண்டியில டிபிஎஃப்னு ஒரு கரி வடிகட்டி வேற இருக்கு, சேந்த கரிய எரிக்க நல்ல சூடு வேணும், சின்ன ஓட்டத்துல அந்தச் சூடே வராது, எரிக்க முயற்சி பண்ணி பாதியில நின்னா கூடுதலா தெளிச்ச டீசல் ஆயிலோட கலந்து, ஆயில் அளவு பாக்குற குச்சி, அதான் டிப்ஸ்டிக்ல அளவு ஏறும். ஆயில் கூடியிருக்கே நல்லதுதானேன்னு நெனைக்காதீங்க, அது ஆயில் இல்ல.

கருங்கல். வண்டிய நிறுத்துனா உடனே ஆஃப் பண்ணக்கூடாதாமே?

டவுன்ல மெதுவா வந்து நின்னா உடனே ஆஃப் பண்ணலாம். நாலுவழிச் சாலையில வெரட்டிட்டு வந்து நேரா டீக்கடையில நிறுத்துனீங்கன்னா மட்டும் ஒரு நிமிஷம் ஐடில்ல விடுங்க, இல்லைன்னா சூடான டர்போவுல நின்ன ஆயில் வெந்து கரியாயிரும்.

முட்டத்துல கடலுக்கு பக்கத்துல வீடு. அடிக்கடி ஏதாவது சென்சார் லைட் வருது, மாத்துனா சரியாகுது, திரும்ப வேறொண்ணு வருது.

சென்சாரையே மாத்திட்டு இருந்தா முடிவே வராது. உப்புக்காத்து ஒயர் சாக்கெட்டுக்குள்ள பூந்து பச்சையா களிம்பு புடிச்சிருக்கும், பேட்டரி எர்த் ஒயர் பாடியோட சேர்ற எடத்துலயும் துரு இருக்கும். ஒவ்வொரு சாக்கெட்டா கழத்தி கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, எர்த் முனைய ஒரசி இறுக்கிட்டு பாருங்க. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் இருக்கவங்களும் நல்ல தண்ணியில வண்டிக்கு அடிப்பக்கத்த கழுவுங்க, இன்டர்கூலர் அலுமினியம், அதையும் உப்பு அரிக்கும்.

குழித்துறை. 2021 நவம்பர் வெள்ளத்துல பக்கத்து வீட்டு டீசல் வண்டி தண்ணியில ஆஃப் ஆகி, திரும்ப ஸ்டார்ட் பண்ணவும் இன்ஜினே போச்சு. அது எப்படி?

காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாது. இந்த டீசல்ல காத்த ஏறக்கொறைய பதினேழுல ஒரு பங்கா அமுக்குது, அந்த எடத்துல ஒரு கரண்டி தண்ணி இருந்தாலும் பிஸ்டன் மேல போக முடியாம அதத் தள்ளுற கனெக்டிங் ராடு வளையும். தண்ணியில நின்னுட்டா சாவியத் தொடாதீங்க, தள்ளிட்டு வந்து பேட்டரிய கழத்திட்டு ரெக்கவரி வண்டியக் கூப்பிடுங்க. மெக்கானிக் இன்ஜெக்டர் இல்ல ஹீட்டர் பிளக்க கழத்தி தண்ணிய வெளிய எடுத்துட்டு ஆயிலும் மாத்தின பொறவுதான் ஸ்டார்ட் பண்ணணும். ஸ்டார்ட் பண்ணிப் பாத்ததால வந்த சேதம்னு சொல்லி சாதாரண இன்சூரன்ஸ்ல க்ளெய்ம தட்டிவிட வாய்ப்பு இருக்கு, இன்ஜின் புரொடெக்ட்னு தனியா சேக்கணும். ஆத்தங்கரையில இருக்கவங்க அத சேத்துக்கிடுங்க.

மார்த்தாண்டம். 1,40,000 ஓடுன செகண்ட்ஹேண்ட் டிசையர் டீசல் பாத்து வெச்சிருக்கேன். வாங்கலாமா?

கிலோமீட்டர் பாத்து பயப்படாதீங்க, மீட்டர் காட்டுற நம்பரையும் நம்பாதீங்க. வண்டிக்காரர்ட்ட முன்கூட்டியே சொல்லிட்டு காலையில போங்க, அவரு ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கக் கூடாது, பானட்டத் தொட்டா குளுந்திருக்கணும். ஸ்டார்ட் பண்ணும்போது, மேல நாம பாத்த வடசேரி டீச்சர் சொன்ன செயின் சத்தம் வருதான்னு கேளுங்க. ஓடிட்டு இருக்கும்போது ஆயில் மூடியத் தொறந்தா லேசா ஆவி வரலாம், குபுகுபுன்னு அடிச்சா அமுங்குன காத்து பிஸ்டன் ஓரமா கீழ ஒழுகுது, அந்த வண்டிய விட்டுருங்க. நீலப்புகைன்னா ஆயில் எரியுது.

இதுல ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கிடுங்க, டர்போ சீல் மொத்தமா போன டீசல் சில நேரம் தன்னோட ஆயிலயே தின்னுட்டு தானா சீறிட்டுப் போகும், சாவிய ஆஃப் பண்ணுனாலும் நிக்காது, ஏன்னா சாவி நிறுத்துறது டீசல மட்டும்தான். அப்படி ஆனா பெரிய கியர் போட்டு, பிரேக்க அமுக்கிப் புடிச்சு, கிளட்ச விடுங்க, அடங்கிரும்.

கடைசியா சர்வீஸ் பில்லக் கேளுங்க. ஆயில் மாத்துன தேதி வரிசையா இருந்தா ரெண்டு லட்சம் ஓடியிருந்தாலும் எடுக்கலாம். பில்லே இல்ல, ஆனா பாலீஷ் போட்டு பளபளன்னு நிக்குதுன்னா, செயின் செட்டுக்கும் வேலைக்கூலிக்கும் ஆகுற காச வெலையில கொறைச்சுக் கேளுங்க. கொறைக்கலைன்னா மார்த்தாண்டத்துல வேற டிசையரா கிடைக்காது.