மனைவி நகை அடகில், மைத்துனர் கணக்கு பாக்கியில்: 3,40,000 ரூபாய்க்கு இன்டர்ஃபேஸ் வாங்கலாமா?

கேள்வி: சென்னை சாலிகிராமத்தில் வாடகை அறையில் மிக்ஸிங் ஸ்டுடியோ நடத்துகிறேன். வயது 37. தனிப்பாடல், பக்தி ஆல்பம், குறும்படம் என்று மாதம் 11 பாட்டு வரும். பாட்டுக்கு 8,000 ரூபாய். ரெக்கார்டிங் கிடையாது; குரல், வாத்தியம் என்று தனித்தனியாகப் பிரித்த ஃபைல்களை (ஸ்டெம்ஸ்) வாங்கி மிக்ஸ் மட்டும் செய்கிறேன். ஸ்டுடியோ வாடகை, கரண்ட், உதவியாளர் சம்பளம் 42,000. வீட்டுச் செலவு 38,000. கணினியையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் இன்டர்ஃபேஸாக இப்போது இருப்பது ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20. இங்கே சரியாக இருக்கும் பாஸ், காரில் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. அறை 12 அடிக்கு 11 அடி. அப்பல்லோ எக்ஸ்8 அல்லது ஆர்எம்இ ஃபயர்ஃபேஸ் வாங்கினால் பெரிய வேலைகள் வரும், சுற்றிலும் மேலிருந்தும் ஒலி கேட்கும் டால்பி அட்மாஸ் மிக்ஸும் செய்யலாம் என்கிறார்கள். கொட்டேஷன் 3,40,000. மனைவியின் நகையை வைத்து 3 லட்சம் எடுக்க நினைக்கிறேன். ஸ்பீக்கர் வாங்க 2022-ல் வைத்த 1,20,000 நகைக்கடனை வருடாவருடம் வட்டி கட்டிப் புதுப்பித்து வருகிறேன். ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும், தேய்மானத்தில் வரி மிச்சமாகும் என்கிறார் நண்பர். வெளியே 2,60,000 பாக்கி நிற்கிறது. அதில் 95,000 மைத்துனரின் (மனைவியின் அண்ணன்) யூடியூப் சேனலுக்குச் செய்தது. கேட்கச் சங்கடமாக இருக்கிறது. எந்த இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் பெரிய விஷயம் கடைசியில் ஒளிந்திருக்கிறது. வர வேண்டியது 2,60,000. எடுக்க நினைக்கும் கடன் 3 லட்சம். அதாவது வாடிக்கையாளர்கள் தராமல் வைத்திருக்கும் பணத்துக்கு நீங்கள் வட்டி கட்டப் போகிறீர்கள். 2022-லும் இதைத்தான் செய்திருப்பீர்கள் என்பது என் ஊகம். அந்தக் கடனுக்கு 10 சதவீதம் வட்டி என்று வைத்தாலும் வருடம் 12,000. மூன்று வருடத்தில் 36,000 போய்விட்டது, அசல் 1,20,000 அப்படியே நிற்கிறது. புதுக் கடனும் சேர்ந்தால் வட்டி மட்டும் மாதம் 3,500. எல்லாரும் ஒழுங்காகப் பணம் கொடுத்தாலே உங்களுக்கு மாதம் மிஞ்சுவது 8,000 தான்.

அதைவிட உறுத்துவது இன்னொன்று. தங்கையின் நகை அடகில் இருக்கிறது. அண்ணன் 95,000 ரூபாய் வேலையைக் கடனாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்த நகையை மீட்கத் தேவையான பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் அவரிடமே இருக்கிறது. இது உங்கள் மனைவிக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் கேட்டால் அது மனஸ்தாபம் ஆகலாம், அவர் கேட்டால் கணக்கு. மாதம் 19,000 வீதம் ஐந்து தவணை என்று பேசட்டும். முதல் தவணை வரும்வரை மைத்துனரின் அடுத்த பாட்டை உங்கள் கணினியில் திறக்கவே வேண்டாம்.

பாக்கி சேருவதற்குக் காரணம் உங்கள் தயக்கம் மட்டும் இல்லை. முழுத் தரத்தில் உள்ள வேவ் ஃபைலையும் ஸ்டெம்ஸையும் அனுப்பிவிட்டுப் பிறகு பணம் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கையில் ஃபைல் வந்துவிட்டால் யாருக்கு அவசரம்? பாதி அட்வான்ஸ் வந்தபின் வேலையைத் தொடங்குங்கள். கரெக்‌ஷன் முடியும்வரை நடுநடுவே பீப் ஒலி போட்ட எம்பி3 மட்டும் அனுப்புங்கள். பேலன்ஸ் வங்கியில் ஏறிய பிறகுதான் வேவ். இதற்கு முகம் சுளிப்பவர், பணம் கொடுக்கும்போதும் சுளிக்கப்போகிறவர்தான்.

கூடவே மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் குறுநிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது, பதிந்து தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். பதிவுக்குப் பிறகு செய்யும் வேலைகளுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. உரிய காலத்தில் தராத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியிலும் ஒரு பிடி இருக்கிறது. கணக்கு ஒழுங்காக வைக்கும் கம்பெனிகளின் ஆடிட்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மைத்துனரிடம் இந்தச் சட்டம் பேச வேண்டாம்.

நண்பர் சொன்ன வரி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வருட வரவு சுமார் 10.5 லட்சம். சேவைத் தொழிலில் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்; பதிவு இல்லாதவருக்கு ஒரு பைசாவும் திரும்ப வராது. 3,40,000-ல் 18 சதவீத வரியாகச் சுமார் 52,000 போகிறது. அது முழுக்க உங்கள் கைக்காசு. தேய்மானம்? ஸ்டுடியோ செலவு போக உங்கள் வருமானம் 5.5 லட்சம். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே வராது. இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

இனி பெட்டி, அதாவது இன்டர்ஃபேஸ். எனக்குத் தெரிந்த மிக்ஸிங் இன்ஜினியர் ஒருவரிடம் உங்கள் கடிதத்தின் சாரத்தைச் சொன்னேன். அவர் இன்டர்ஃபேஸ் பற்றிப் பேசவே இல்லை, அறை அளவைத்தான் கேட்டார். 12 அடிச் சுவர்களுக்கு நடுவே ஒலி 47 ஹெர்ட்ஸ் பக்கம் தேங்கும், 11 அடிக்கு 51 ஹெர்ட்ஸ் பக்கம். இரண்டும் ஒட்டிக்கொண்டு கிக், பாஸ் இருக்கும் இடத்திலேயே வந்து நிற்கின்றன. நீங்கள் உட்காரும் இடத்தில் அது வீங்கியோ வற்றியோ கேட்கும். அதை நம்பி பாஸைத் திருத்தினால் காரில் கேட்கும்போது மாறித்தான் இருக்கும். 129 டெசிபல் டைனமிக் ரேஞ்ச் என்று விளம்பரம் செய்யும் பெட்டியும் அந்த அறைக்குள் அதே பொய்யைத்தான் சொல்லும். ஏசி ஓடும் அறையில் உங்கள் பழைய பெட்டியின் இரைச்சலே காதுக்கு எட்டாது. மூலைகளில் பாஸ் ஒலியை உறிஞ்ச ராக்வூல் அடைத்த பாஸ் ட்ராப், அறையின் ஒலியை அளக்க ஒரு மெஷர்மென்ட் மைக், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் எல்லாம் சேர்த்து 50,000-க்குள் முடிக்கலாம் என்கிறார். மரச்சட்டம் அடிக்க ஆசாரி கூலியும் அதில் அடக்கம்.

மேலும், நீங்கள் பாட்டு பதிவு செய்வதில்லை. விலை உயர்ந்த பெட்டிகளில் காசு பெரும்பாலும் மைக் ப்ரீஆம்புக்கும், பாடகர் ஹெட்ஃபோனில் தாமதமின்றிக் கேட்பதற்கும் போகிறது. மிக்ஸ் மட்டும் செய்யும்போது அந்தத் தாமதம் கூடினாலும் (பஃபரை 1024-ல் வைத்தாலும்) ஒன்றும் குறையாது. அப்பல்லோவின் பெரிய கவர்ச்சி பெட்டிக்குள் ஓடும் ப்ளக்இன்கள், அதாவது ஒலியைத் திருத்தும் சிறு மென்பொருள்கள்; அவற்றில் பல இன்று அந்தப் பெட்டி இல்லாமலே கணினியில் ஓடுகின்றன.

அட்மாஸ் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் ஆப்பிள் மியூசிக் அதைக் கொண்டுவந்த பிறகு எல்லார் வாயிலும் அந்தப் பேச்சுதான். அதற்கான 7.1.4 ஸ்பீக்கர் அமைப்புக்கு 12 ஸ்பீக்கர், 12 அவுட்புட் வேண்டும். இன்டர்ஃபேஸ் வாங்குவது அதில் முதல் தவணை மாதிரி. உங்களிடம் அட்மாஸ் கேட்டு அட்வான்ஸோடு வந்தவர் எத்தனை பேர்? கடிதத்தில் ஒருவர்கூட இல்லை. அப்படி ஒரு வேலை வந்தால், அமைப்பு உள்ள ஸ்டுடியோவை நாள் வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையையும் பில்லில் சேருங்கள்.

பாக்கி முழுதும் வசூலாகும் என்று நான் நம்பவில்லை. 1,80,000 வந்தாலே போதும். முதல் 1,20,000 நகை மீட்க, அடுத்த 50,000 அறைக்கு, மீதி வங்கியில் இருக்கட்டும். ஸ்டுடியோவின் மூன்று மாதச் செலவான 1,26,000 சேர்ந்து, அதற்கு மேலும் ரொக்கம் நின்றால் அப்போது பெட்டி வாங்குங்கள். இரண்டில் ஒன்று என்றால் ஆர்எம்இ. பழைய மாடல்களுக்கும், கணினியில் அவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருளை வருடக்கணக்கில் கொடுத்துவரும் கம்பெனி. செகண்ட் ஹேண்டும் பார்க்கலாம். ஃபயர்வயர் என்ற பழைய கேபிள் இணைப்பு மட்டும் உள்ள பெட்டி மலிவாக வந்தால் தொடாதீர்கள். ஆப்பிள் அந்த இணைப்பையே கைவிட்டுவிட்டது.

நகைக்கடன் ரசீதில் அடுத்த புதுப்பிப்புத் தேதி என்ன என்று பாருங்கள். மைத்துனரின் தவணைகள் அதற்குள் முடியாது என்றால், ஐந்தை மூன்றாகக் குறைத்துப் பேசச் சொல்லுங்கள்.