தடுத்தது அடிவாரம், பழி ஏற்காட்டின் மேல்

கேள்வி: உபுண்டு லினக்ஸ் 22.04-ல், கணினிக்குள் இன்னொரு (மெய்நிகர்) கணினியை ஓட்ட உதவும் விர்ட்-மேனேஜர் போட்டிருக்கிறேன். ஹோம் ஃபோல்டரில் உள்ள டிஸ்க் ஃபைலைக் கொடுத்து மெய்நிகர் கணினியைத் தொடங்கினால், அந்த ஃபைலின் பெயரைச் சொல்லி ‘பெர்மிஷன் டினைடு’ என்கிறது. ஃபைலுக்கு 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்தும் பலனில்லை. அண்ணனின் 20.04-ல் இதே வேலை ஓடுகிறது. இந்தச் செய்தியை நாமே திருத்த முடியுமா?
— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலில் அந்த 777-ஐ எடுத்துவிடுங்கள். ஃபைலில் கோளாறே இல்லை. நானும் ஒரு ராத்திரி முழுக்க இதே செய்தியை நம்பி ஃபைலோடு மல்லுக்கட்டியவன்தான்.

ஏற்காட்டுக்குக் கிளம்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். அறை போட்டாயிற்று, சாவியும் கையில் இருக்கிறது. ஆனால் அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். அப்போது ‘ஏற்காட்டு அறைக்கு அனுமதி இல்லை’ என்று மட்டும் சொன்னால், 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் விடுதிக்காரரிடம்தானே சண்டைக்குப் போவோம்? இங்கே அடிவாரம், உங்கள் ஹோம் ஃபோல்டர்.

மெய்நிகர் கணினி உங்கள் பெயரில் ஓடுவதில்லை. விர்ட்-மேனேஜருக்குப் பின்னால் வேலை செய்யும் லிப்விர்ட் என்ற நிரல் அதற்கென வைத்திருக்கும் தனிப் பயனரின் பெயரில் ஓடுகிறது. செய்தியின் நடுவே 64055 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், அவர்தான். உபுண்டு 21.04 முதல், புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டரின் அனுமதி 755 இல்லை, 750. கடைசி இலக்கம் வெளியாருக்கானது; அது 0 என்றால் வெளியார் அதைக் கடக்கவே முடியாது. அண்ணனுடையது பழைய 755. டிஸ்க் ஃபைலை லிப்விர்ட்டின் சொந்த இமேஜஸ் ஃபோல்டருக்கு மாற்றுங்கள், ஓடிவிடும்.

சரி, செய்திக்கு வருவோம். திருத்தலாம், திருத்தவும் வேண்டும். அனுமதி இல்லாமல் ஃபைலைத் திறக்க முடியாதபோது கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 13 என்ற ஒற்றை எண்ணைத்தான் திருப்பித் தருகிறது. எந்தப் படியில் தடை என்று அது சொல்வதில்லை. நிரல் தான் கேட்ட ஃபைலின் பெயரை அதோடு ஒட்டி அச்சிடுகிறது, நாம் ஏமாறுகிறோம். ஆகவே பிழை வந்த பிறகு, நிரல் அதே பயனராக ரூட்டிலிருந்து (எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ஃபோல்டர்) ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கி, எங்கே எக்ஸிக்யூட் அனுமதி (ஃபோல்டரைக் கடந்துபோகும் அனுமதி) இல்லையோ அந்த ஃபோல்டரின் பெயரைச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஆப்ஆர்மர் என்ற உபுண்டுவின் பாதுகாப்பு அமைப்பு தடுத்தாலும் அதே 13தான் வரும். தடுத்த ஃபோல்டர் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பழைய செய்தியே இருக்கட்டும். ஊகத்தைக் காரணமாக அச்சிட்டால் இன்னொருவரின் ராத்திரி வீணாகும்.

யாராவது ஏற்கெனவே சரிசெய்துவிட்டார்களா என்று லிப்விர்ட்டின் சமீபத்திய மூல நிரலில் தேடிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். செய்தியை முழு வாக்கியமாக எழுதுங்கள், துண்டு துண்டாக ஒட்டினால் மொழிபெயர்ப்பவர் திணறுவார். பேட்ச்சில் (நீங்கள் அனுப்பும் நிரல் திருத்தம்) இந்த ஒரு மாற்றம் மட்டும் இருக்கட்டும். அடியில் உங்கள் பெயரில் ‘சைன்டு-ஆஃப்-பை’ வரியும் வேண்டும்; அந்த நிரலைக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதற்கான உறுதிமொழி அது. அப்புறம், விளக்கத்தில் பழைய செய்தியோடு உங்கள் வீட்டு 750-ஐயும் அண்ணன் வீட்டு 755-ஐயும் எழுதிவிடுங்கள். சோதிப்பவர் அதை வைத்தே பிழையைத் தன் கணினியில் வரவழைத்துப் பார்த்துவிடுவார்.