கண், உறுப்பு, திசு தானம்: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி (ஆசிரியை, கும்பகோணம்): என் மாமியாருக்கு வயது 78. சர்க்கரை நோய் உண்டு. இரு கண்களிலும் புரை அறுவை செய்திருக்கிறோம். அவர் கண் தானம் செய்ய விரும்புகிறார். ஏற்றுக்கொள்வார்களா?

பதில்: ஏற்றுக்கொள்வார்கள், அம்மா. தானமாகப் பெற்ற கண்ணிலிருந்து பெரும்பாலும் பிறருக்குப் பொருத்தப்படுவது, கண்ணின் முன்புறத்தில் தெளிவாக இருக்கும் கருவிழிப் படலம் மட்டுமே. புரை அதற்குப் பின்னால் உள்ள லென்ஸில் வருவது என்பதால், அந்த அறுவை தடையாகாது. வயது, மூக்குக்கண்ணாடி, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு ஆகியவையும் தடையல்ல. எச்.ஐ.வி., பி மற்றும் சி வகைக் கல்லீரல் அழற்சி, வெறிநாய்க்கடி நோய், இரத்தப் புற்றுநோய், உடல் முழுவதும் பரவிய கிருமித் தொற்று போன்றவை இருந்தவர்களின் கண்களைப் பெறுவதில்லை.

நம் பகுதிக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். அறுவடையின்போதும் களத்தில் நெல் தூற்றும்போதும் தாளோ சுணையோ கண்ணில் கீறி, அந்தக் கீறலில் பூஞ்சை பற்றிப் புண்ணாகி, கடைசியில் வெள்ளையாகத் தழும்பேறிப் பார்வை போவது விவசாயக் கூலிகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. அப்படிப் பார்வை இழந்தவர்களில் பலருக்கு வேறொருவரின் கருவிழியைத் தவிர வேறு வழி கிடையாது.

கேள்வி (விவசாயி, திருத்துறைப்பூண்டி அருகில்): வீட்டிலேயே இறப்பு நேர்ந்தால், கிராமத்தில் இருக்கும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது. கண் வங்கியை அழைத்தால் அவர்களே வீட்டுக்கு வருவார்கள். அதுவரை இமைகளை மூடி, அவற்றின்மேல் ஈரப் பஞ்சை வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து உயர்த்தி, மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்றுப் பட்டால் கருவிழி உலர்ந்துவிடும். எடுப்பதற்கு இருபது நிமிடம் போதும், முகம் சிதையாது, செலவும் கிடையாது.

நம் ஊர்களில் தாமதம் நேர்வது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: வெளியூரிலிருந்து மகனோ மகளோ வந்து சேர்ந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருக்கிறோம். நகரத்திலிருந்து உங்கள் ஊருக்கு வண்டி வந்து சேரும் நேரமும் அந்த ஆறு மணி நேரத்தில்தான் அடங்கும். ஆகவே, துக்கம் சொல்லி உறவினரை அழைக்கத் தொடங்கும்போதே கண் வங்கியையும் அழைத்துவிடுங்கள். பந்தல் போடும் வேலையைப் பொறுப்பேற்கும் உறவினரிடமே இந்த வேலையையும் ஒப்படைக்கலாம்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): சாலை விபத்தில் சிக்கிய என் தம்பிக்கு மூளைச்சாவு என்று சொல்லி உறுப்பு தானம் கேட்டார்கள். நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது, உடல் சூடாக இருந்தது, நாங்கள் மறுத்துவிட்டோம். அவன் உண்மையிலேயே இறந்திருந்தானா? நாங்கள் செய்தது தவறா?

பதில்: தவறில்லை, ஐயா. சுவாசம் ஏறி இறங்க, உறங்குவதுபோல் கிடக்கும் தம்பியைப் பார்த்துக்கொண்டு எடுத்த முடிவுக்காக உங்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. சட்டமும் முடிவைக் குடும்பத்திடமே விட்டிருக்கிறது.

மூளைச்சாவு என்பது, மூச்சையும் உணர்வையும் இயக்கும் மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு முற்றிலும் செயலிழந்துபோவது; அது இறப்புதான், அந்நிலையிலிருந்து எவரும் மீள்வதில்லை. கோமாவில் இருப்பவரின் மூளை பழுதுபட்டிருந்தாலும் உயிரோடு இருக்கிறது, அவர் மீளவும் கூடும். மூளைச்சாவில் அந்த வாய்ப்பே கிடையாது. இதயத்துக்குத் தன் துடிப்பைத் தானே எழுப்பும் இயல்பு இருப்பதால், செயற்கைச் சுவாசக் கருவி காற்றைச் செலுத்தும் வரை அது சிறிது காலம் துடிக்கும். மூளைச்சாவை உறுதிசெய்ய நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் வகுத்துள்ளது. உறுப்பு மாற்று அறுவை செய்யப்போகும் மருத்துவர் எவரும் அக்குழுவில் இருக்கக் கூடாது. கண் பாவை ஒளிக்குச் சுருங்குகிறதா, கருவியை நிறுத்தினால் தானாக மூச்சு வருகிறதா என்பவையெல்லாம் அச்சோதனையில் அடங்கும்.

இறந்தவரிடமிருந்து இதயமும் சிறுநீரகமும் பெரும்பாலும் இந்நிலையில்தான் பெறப்படுகின்றன; இரத்த ஓட்டம் நின்ற சிறிது நேரத்தில் அவை கெடத் தொடங்குவதால், வீட்டில் இறந்தவரிடமிருந்து பெற முடிவதில்லை.

கேள்வி (பெரியவர், பாபநாசம்): கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் குருடராகப் பிறப்போம் என்கிறார்களே?

பதில்: திருவாரூர் மாவட்டத்துத் திருவீழிமிழலைக்கு ஒருமுறை சென்று வாருங்கள். ஆயிரம் தாமரையில் ஒன்று குறைந்தபோது திருமால் தம் கண்ணையே பறித்துச் சிவனுக்கு அர்ச்சித்ததாகத் தலபுராணம் கூறும். அதனாலேயே அங்கே இறைவனுக்கு நேத்திரார்ப்பணேசுவரர் என்று பெயர். கண்ணைக் கொடுத்தவருக்குச் சக்கரம் கிடைத்ததாகத்தான் நம் முன்னோர் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, மயிலாடுதுறை): உறுதிமொழி அட்டை வைத்திருக்கிறேன். அது போதுமா?

பதில்: நடைமுறையில் போதாது. உங்கள் குடும்பத்தார் ஒப்புதல் தராவிட்டால் எந்த மருத்துவமனையும் கைவைக்காது. அட்டை இல்லாமலே குடும்பத்தார் ஒப்பினால் தானம் நடக்கும். பெற்றோரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். "இப்படியெல்லாம் பேசாதே" என்று அம்மா அதட்டுவார், இருந்தாலும் சொல்லுங்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை வாசகர்): கடைசியில் உறுப்பெல்லாம் பணக்காரருக்குத்தானே போகிறது?

பதில்: தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் பராமரிக்கும் காத்திருப்போர் பட்டியலின்படி, இரத்த வகை, பதிவின் வரிசை, நோயின் தீவிரம் ஆகியவற்றைப் பார்த்தே ஒதுக்குகிறார்கள். அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவைகள் நடக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இவற்றுக்கு உதவுகிறது. உறுப்பை விற்றாலோ தரகு பேசினாலோ ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறையும், 20 இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

கேள்வி (திருவாரூர் வாசகர்): தோலையும் தரலாமாமே? முழு உடலையும் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கலாமா?

பதில்: தோலையும் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கலாம். தொடையிலும் முதுகிலும் மிக மெல்லிய மேலடுக்கை மட்டுமே உரிப்பார்கள், இரத்தம் வழியாது. தீக்காயம் பட்டவரின் புண்ணை அது மூடிக் காக்கும்.

உடல் தானம் வேறு ஏற்பாடு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறையில் கேளுங்கள். உறுப்புகள் எடுக்கப்பட்ட உடலையும் பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. கண்களை மட்டும் தானம் செய்திருந்தால் ஏற்பார்கள்.